வறட்சியில் சாகாத செடி, வறட்சியில் ரப்பர் தருமா?

ராதாபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, எங்களுக்குப் பத்து ஏக்கர் செவக்காடு சும்மா கிடக்கு. கிணத்துல வருசத்துக்கு மூணு மாசந்தான் தண்ணி. குவாயூலேன்னு ஒரு பாலைவனச் செடி, அதுல ரப்பர் எடுக்கலாம், தண்ணியே வேண்டாம்னு சொல்லி ஒரு கம்பெனிக்காரங்க வந்து போனாங்க. நாத்து ஒண்ணு ஒம்பது ரூவா. ஏக்கருக்குப் பத்தாயிரம் நாத்து. ரெண்டு வருசம் கழிச்சு அவங்களே வெட்டி எடுத்துக்கிடுவாங்களாம். ரப்பர்னா குலசேகரத்துக்காரங்களுக்கு மட்டுந்தானா, நமக்கும் வருமா?”

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம். அந்தச் செடி நிஜம். அதில் ரப்பர் இருப்பதும் நிஜம். 2022-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நடந்த இண்டிகார் பந்தயத்தில், பக்கச்சுவரில் குவாயூலே ரப்பர் போட்ட ஃபயர்ஸ்டோன் டயரில் கார் ஓட்டியிருக்கிறார்கள். “தண்ணியே வேண்டாம்” என்கிற இடத்தில்தான் வில்லங்கம் இருக்கிறது. முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

நான் இருபத்தெட்டு வருஷம் மேற்கே ரப்பர் நாற்றங்கால்களில் ஒட்டு கட்டும் வேலை பார்த்தவன். இப்போது களக்காட்டில் வாழை. படித்த விஞ்ஞானி இல்லை. ஆனால் ஒரு ரப்பர் ரகம் ஆராய்ச்சிக்காரர் கையிலிருந்து விவசாயி கைக்கு வர எத்தனை காலம் பிடிக்கும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

நம் பக்கம் ஏன் ரப்பர் மரம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் குலசேகரம் போனாலும் சரி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவில் இறங்கினாலும் சரி, முதலில் மாறுவது காற்று, அடுத்தது மரம். அந்தப் பக்கம் இரண்டு பருவமழையும் உண்டு. ரப்பர் மரத்துக்கு வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டர் மழை, அதுவும் பரவலாகப் பெய்தால்தான் சுகம். நமக்கு ஐப்பசி, கார்த்திகையை விட்டால் வானம் வெறும் வேடிக்கைதான். ராதாபுரத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு பெய்தாலே நல்ல வருஷம் என்போம்.

இருந்தும் உலகம் வேறு ரப்பர் செடியைத் தேடி ஏன் அலைகிறது? பால்வெட்டுக்காரர்களுக்கே பெரும்பாலும் தெரியாத கதை இது. ஆசியாவில் இன்றைக்கு நிற்கிற ரப்பர் தோட்டங்களில் மிகப் பெரும்பகுதி, 1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் அமேசான் காட்டிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளில் முளைத்தவற்றின் வம்சம். முளைத்ததோ மூவாயிரம்கூட இல்லை. அந்தக் கன்றுகள்தான் சிலோனுக்கும் சிங்கப்பூருக்கும் போய், அங்கிருந்து நம் மேற்கு மலைச் சரிவுக்கும் வந்தன. ஒரே குடும்பத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெண் எடுத்துப் பெண் கொடுத்த மாதிரி. ஒரு நோய்க்கு ஒன்று பலியானால் எல்லாமே பலியாகும்.

அந்த நோயும் தயாராகவே இருக்கிறது. தென் அமெரிக்க இலைக்கருகல் என்று அதற்குப் பெயர், ஒரு பூஞ்சாணம். ஹென்றி ஃபோர்டு 1928-இல் பிரேசிலில் ஃபோர்டுலாண்டியா என்று ஒரு ஊரையே கட்டி ரப்பர் நட்டார். மரங்கள் நெருங்கி வளர்ந்து இலையோடு இலை முட்டியதும் பூஞ்சாணம் புகுந்து மொட்டையாக்கியது. 1945-இல் கையைக் கழுவிவிட்டார். ரப்பரின் சொந்த ஊரிலேயே இன்றுவரை பெருந்தோட்டமாக ரப்பர் வளர்ப்பது பெரும்பாடு. அந்தப் பூஞ்சாணம் இன்னும் ஆசியாவுக்குள் கால் வைக்கவில்லை. வைத்தால் தாய்லாந்து, இந்தோனேசியா, கேரளா, குலசேகரம் எல்லாம் ஒரே வரிசை.

இதற்கு எதிர்ப்பான ரகத்தை உண்டாக்கினால் போதாதா என்று கேட்கலாம். அந்த வேலையும் நடக்கிறது. ஆனால் மரத்தில் ரகம் உண்டாக்குவது ஒரு ஆயுள் வேலை. கையால் மகரந்தம் வைத்த நூறு பூவில் காய் பிடிப்பது விரல்விட்டு எண்ணும்படிதான். பிடித்த விதையை முளைக்க வைத்து, ஒட்டுக்கட்டி, நட்டு, கத்தி வைக்க ஏழு வருஷம். பிறகு பால் எப்படி, பட்டை எப்படி, காற்றுக்கு நிற்குமா, நோய்க்கு நிற்குமா என்று இன்னும் பத்துப் பதினைந்து வருஷம். இந்தியாவில் எங்கு பார்த்தாலும் நிற்கிற ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 ரகத்துக்குக் கலப்பு செய்தது 1954-இல். கோட்டயம் ஆராய்ச்சி நிலையம் அதை வெளியிட்டது 1980-இல். கலப்பு செய்தவர் ஓய்வு பெற்ற பிறகு ரகம் வெளிவருகிறது.

இன்னொரு பக்கம் தேவை. 2023-24-இல் இந்தியாவில் விளைந்த இயற்கை ரப்பர் சுமார் 8.5 லட்சம் டன், செலவானது 14 லட்சம் டன்னுக்கு மேல். நம் கங்கைகொண்டான் சிப்காட்டிலேயே டிராக்டருக்கும் சுரங்க வண்டிக்கும் டயர் செய்யும் ஆலை இருக்கிறது. செயற்கை ரப்பர் இருக்கிறதே என்றால், சூடேறியும் கிழியாமல் தாங்குவதில் இயற்கை ரப்பருக்கு அது நிகரில்லை. லாரி டயரில் உள்ள ரப்பரில் பாதிக்கு மேல் மரத்துப் பாலை நம்பித்தான் இருக்கிறது. விமான டயரின் ரப்பர் ஏறக்குறைய முழுக்கவே அதுதான்.

சரி, பாலுள்ள செடிக்கு நம் ஊரில் பஞ்சமா? எருக்கு, திருகுகள்ளி, இலைக்கள்ளி, ஆல், அத்தி, பலா. உலகத்தில் ரப்பர் செய்கிற செடிவகை சுமார் 2,500 என்பார்கள். நான் சொன்ன நம் ஊர்ச் செடிகளைக் கீறினால் வெள்ளையாக வடியும். ஆனால் பால் வேறு, ரப்பர் வேறு. ரப்பர் என்பது ஐசோப்ரீன் என்கிற சின்னக் கண்ணியைக் கோத்த சரம். மல்லிகைச் சரம் நாலு முழம் இருந்தால் வளைக்கலாம், சுற்றலாம், இழுத்தாலும் திரும்பி வரும். நாலு பூவோடு நறுக்கின துண்டை என்ன செய்ய முடியும்? ரப்பர் மரத்தின் சரத்தில் பத்தாயிரத்துக்கு மேல் கண்ணிகள். எருக்கம் பாலிலும் கள்ளிப் பாலிலும் பெரும்பங்கு பிசின்தான். ரப்பர் கொஞ்சம், சரமும் குட்டை. போதாததற்கு எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

இந்தச் சரத்தின் நீளத்தில்தான் தாமஸ் எடிசனே தோற்றார். 1927-இல் ஃபோர்டையும் டயர் கம்பெனி முதலாளி ஃபயர்ஸ்டோனையும் சேர்த்துக்கொண்டு, அமெரிக்க மண்ணிலேயே விளைகிற ரப்பர் வேண்டும் என்று ஆயிரக்கணக்கான செடிகளைச் சோதித்தார். கடைசியில் கோல்டன்ராடு என்கிற மஞ்சள் பூக் களைச்செடியைத் தேர்ந்தெடுத்து, பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து, ஆள் உயரத்தைத் தாண்ட வைத்தார். இலையில் ரப்பர் அளவும் கூடியது. ஆனால் சரம் குட்டை, டயருக்கு ஆகவில்லை. அளவைக் கூட்டுவது எளிது, தரத்தைக் கூட்டுவது கடினம். வாழைக்காரனுக்கும் இது பொருந்தும்.

ரப்பர் மரத்தை விட்டால், அளவு, தரம் இரண்டிலும் தேறியது உலகத்தில் இரண்டே செடிகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று கஜகஸ்தான் மலையில் 1930-களின் தொடக்கத்தில் சோவியத் ஆட்கள் கண்டுபிடித்த கோக்-சகிஸ் என்கிற டான்டிலியன். வேரில் பால். ஒரே வருஷத்தில் பிடுங்கலாம். 1941-இல் அவர்கள் 67,000 ஹெக்டேரில் பயிரிட்டார்கள். இன்று ஜெர்மனியில் கான்டினென்டல் கம்பெனி இதில் சைக்கிள் டயர் செய்து விற்கிறது. நமக்கு இது ஆகாது. குளிர்ந்த ஊர்ப் பயிர், நம் சித்திரை வெயிலில் ஒரு வாரம் தாங்காது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுதி உங்கள் நேரத்தைத் தின்ன விரும்பவில்லை.

இரண்டாவது, உங்களிடம் வந்து சொன்ன குவாயூலே. எழுத்தில் அப்படி, அந்த ஊர்க்காரர்கள் வாயில் ‘வாயூலே’. மெக்சிகோவின் வடக்கேயும் டெக்சஸ் ஓரத்திலும் இருக்கிற சிவாவா பாலைவனத்துச் செடி. இடுப்பு உயரப் புதர், வெள்ளி பூசிய மாதிரி சாம்பல் நிற இலை. இதன் தாவரப் பெயர் தெரிந்தால் சிரிப்பீர்கள்: பார்த்தீனியம் அர்ஜென்டேட்டம். ஆமாம், நம் ரோட்டோரத்தில் தும்மலும் அரிப்பும் தருகிற அதே பார்த்தீனியத்தின் பங்காளிதான். அந்தக் குடும்பக் குணம் கொஞ்சம் இதற்கும் உண்டு. இதன் பிசினில் தோல் அலர்ஜி தரக்கூடிய பொருள் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இதன் ரப்பர் பாலில் அலர்ஜி இல்லை. ரப்பர் மரத்துப் பாலில் உள்ள புரதத்தால் சில டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் கையுறை போட்டாலே மூச்சு முட்டும். குவாயூலே கையுறையில் அந்தப் புரதம் இல்லை. அமெரிக்க மருந்துத் துறை 2008-இல் அதற்கு அனுமதி கொடுத்தது. டயரைவிடக் கையுறையில்தான் இந்தச் செடிக்கு உடனடி மரியாதை என்பது என் எண்ணம்.

இதில் பால்வெட்டு கிடையாது. ரப்பர் மரத்தில் பால் குழாயில் ஓடுகிறது. கீறினால் வடியும், சிரட்டையில் பிடிக்கலாம், மிச்சத்தை ஒட்டுப்பாலாகச் சுரண்டி எடுக்கலாம். குவாயூலேயில் ரப்பர் பட்டையில் உள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தனித்தனியாக அடைபட்டுக் கிடக்கிறது. செடியை வெட்டி, அரைத்து, கரைப்பான் ஊற்றிப் பிரித்தால்தான் வெளிவரும். வெட்டிய செடியை வெயிலில் போட்டு வைத்தால் சரம் அறுபட ஆரம்பிக்கும். ஆகவே ஆலை பக்கத்திலேயே இருக்க வேண்டும். வெட்டிய கரும்பை எத்தனை நாள் வரப்பில் போட்டு வைக்கலாம்? அதே கணக்கு.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலேயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் நின்றுபோனது. 1942-இல் அவசரத் திட்டம் போட்டு, கலிபோர்னியாவின் சலினாஸை மையமாக வைத்து 30,000 ஏக்கருக்கு மேல் குவாயூலே நட்டார்கள். அதே சமயம் மன்சனார் என்ற முகாமில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர்கள், பலகைக் கொட்டகை ஒன்றில், துண்டுக் கிளையை வேர்விட வைத்து நல்ல செடியைப் பெருக்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக்கட்டியே வாழ்ந்தவன் என்பதால் எனக்கு அந்தக் கொட்டகையின் மேல் ஒரு பிரியம். போர் முடிந்தது, செயற்கை ரப்பர் வந்தது, மரத்து ரப்பரும் திரும்பி வந்தது. நட்ட வயல்களை உழுது அழித்துவிட்டார்கள். அதோடு ரகத் தேர்வு வேலையும் அறுந்துபோனது. 1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது மறுபடி தொடங்கி, மறுபடி தளர்ந்து, 2013-இல் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் கம்பெனி அரிசோனாவில் பண்ணை போட்டபோது மூன்றாம் முறை உயிர் வந்தது. சும்மாடு மாற்றி மாற்றிச் சுமந்த கதை. ஒரே ஆள் விடாமல் முப்பது வருஷம் சுமந்திருந்தால் இன்று வேறு நிலைமையாக இருந்திருக்கும்.

இப்போது விஷயத்தின் நடு முடிச்சுக்கு வருகிறேன். குவாயூலேயில் ரகம் உண்டாக்குவது ஏன் இவ்வளவு இழுபறி?

முதல் காரணம் அதன் விதை. இந்தச் செடியில் பெரும்பாலானவற்றில் மகரந்தம் விழுந்தாலும் கருவில் கலப்பதில்லை. விதைக்குள் இருப்பது தாயின் நகல். நம் வாழைக் கன்று தாய் மாதிரியே இருப்பது போல, இதில் விதையே அப்படி. இது ஒரு பக்கம் வரம்: நல்ல செடி ஒன்று கிடைத்துவிட்டால் ஒட்டுக்கட்ட வேண்டாம், விதையைத் தூவினாலே அதே குணம். மறு பக்கம் சாபம்: இரண்டு நல்ல செடிகளைக் கலக்க நினைத்தால் கலக்காது. எப்போதாவது ஒன்றிரண்டு விதை மட்டும் முறையாகக் கலந்து பிறக்கும். ஆயிரம் நாற்றில் அந்த ஒன்றைத் தேட வேண்டும். குரோமோசோம் (செல்லுக்குள் குணத்தைச் சுமக்கும் இழை) இரண்டு தொகுதி மட்டும் உள்ள குவாயூலேச் செடிகள் ஒழுங்காகக் கலக்கும். ஆனால் அவை தன் மகரந்தத்தை ஏற்காது, அடுத்த செடி வேண்டும். ஆகவே அங்கே கலந்து, பிறகு தொகுதியைப் பெருக்கி, விதை நகல் குணத்துக்குக் கொண்டு வரப் பார்க்கிறார்கள். காரியம் நடக்கிறது, மெதுவாக.

இரண்டாவது, எடைக்கும் சதவீதத்துக்கும் நடக்கிற இழுபறி. உலர்ந்த செடியில் ரப்பர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து. செடி பெருத்தால் சதவீதம் இறங்குகிறது. மரம் மாதிரி வளர்கிற உறவுச் செடி ஒன்றோடு கலந்து பார்த்தார்கள். பிள்ளை ஆஜானுபாகுவாக வந்தது, ரப்பர்தான் இல்லை. அரிசோனா பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏ.இசட். வரிசை ரகங்கள் பெரும்பாலும் செடியின் எடையைக் கூட்டித்தான் மகசூலைக் கூட்டின.

மூன்றாவதுதான் உங்கள் பத்து ஏக்கருக்கு நேராகப் பேசுகிறது. இந்தச் செடி வெயில் காலத்தில் வளரும், குளிர்காலத்தில் ரப்பர் சேர்க்கும். சிவாவா பாலைவனம் என்றதும் நமக்கு மணல்தேரி மாதிரி தோன்றும். அங்கே குளிர்கால ராத்திரியில் தண்ணீர் உறையும். இரவு ஏழெட்டு டிகிரிக்கு இறங்கும்போதுதான் பட்டைக்குள் ரப்பர் கோக்கும் நொதி சுறுசுறுப்பாகிறது. பாளையங்கோட்டையில் மார்கழி விடியற்காலை, கோயிலுக்குப் போகிறவர்கள் மப்ளர் சுற்றிக்கொண்டு போகிற நேரத்திலும் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். செடிக்கு ‘குளிர் வந்துவிட்டது, சேர்த்து வை’ என்று சொல்ல ஆளே இல்லை. பச்சைப்பசேலென்று நிற்கும். நீங்களும் சந்தோஷமாகப் படம் எடுப்பீர்கள். வெட்டி அரைத்தால் பிசினும் நாரும் வரும், ரப்பர் சொற்பமாக இருக்கும்.

குளிருக்கு மாஞ்சோலை உயரத்துக்குப் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். அது புலிகள் காப்பகம், ஒரு சென்ட் கூடக் கிடைக்காது. கிடைத்தாலும் அந்த மழையில் வேர் அழுகிவிடும். வேரில் தண்ணீர் நின்றால் குவாயூலேக்கு ஆகவே ஆகாது. அதனால் சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசலும் கழிந்தது. மண்ணை மட்டும் பார்த்தால் உங்கள் செவக்காடும் சாத்தான்குளம் தேரியும் பொருத்தம். மண் ஒன்று போதுமென்றால் எல்லாம் எங்கும் விளையுமே.

அடுத்து தண்ணீர். வறட்சியில் சாகாமல் இருப்பதும் வறட்சியில் விளைவதும் இரண்டு வேறு சங்கதி. உடைமரம் சாவதில்லை, அதற்காக அது விளைச்சல் தருகிறது என்போமா? குவாயூலேயைக் காயப் போட்டால் சதவீதம் கொஞ்சம் கூடும், ஆனால் செடியின் எடை அதைவிட வேகமாகக் குறையும், மொத்தத்தில் நஷ்டம். அரிசோனாவில் நல்ல மகசூல் எடுத்த வயல்களில் வருஷத்துக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் கொடுத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். நம் ஒரு வருஷ மழையைவிட அதிகம். மூன்று மாதக் கிணறு என்ன செய்யும்?

இனி ரூபாயில் பார்ப்போம். அங்கே நல்ல ரகம், நல்ல பாசனம், நல்ல குளிர் எல்லாம் சேர்ந்து ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 600 முதல் 1,000 கிலோ ரப்பர். 700 என்று வையுங்கள். ஏக்கருக்கு 280 கிலோ, இரண்டு வருஷத்துக்கு 560. ரப்பர் விலை ஏறி இறங்கும்; 2024 ஆகஸ்டில் 247 ரூபாயைத் தொட்டது. சராசரியாக 200 என்றால் 1,12,000 ரூபாய். இது ஆலையிலிருந்து வெளிவரும் ரப்பரின் விலை. அரைப்பு, கரைப்பான், போக்குவரத்து, அவர்கள் லாபம் எல்லாம் போய்த்தான் உங்களுக்கு. நாற்றுக்கு மட்டும் ஏக்கருக்கு 90,000 கொடுத்திருப்பீர்கள்! உழவு, களை, சொட்டு நீர்க் குழாய், இரண்டு வருஷ உழைப்பு தனி. அமெரிக்காவின் உச்சக் கணக்கிலேயே இப்படி. நம் வெயிலில் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

எனக்கு இந்தக் கணக்கு அனுபவத்தில் வந்தது. 2000-களின் நடுவில் காட்டாமணக்கு அலை அடித்ததே, நினைவிருக்கிறதா? தரிசில் நடு, டீசல் வடியும் என்றார்கள். நாங்குநேரி பக்கம் என் மாமனார் வீட்டு நிலம் நாலு ஏக்கரில், ஒரு கம்பெனியின் திரும்ப வாங்கும் ஒப்பந்தத்தை நம்பி நட்டேன். செடி அமோகமாக நின்றது. காய் கைப்பிடி. இரண்டாம் வருஷம் கம்பெனியின் போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. பிற்பாடுதான் புத்தி வந்தது: காட்டாமணக்கு ஒரு காட்டுச் செடி, யாரும் அதற்கு ரகம் கட்டியிருக்கவில்லை. ஒரே வயலில் ஒரு செடி நூறு காய், பக்கத்துச் செடி நாலு காய். ரகம் கட்டாத செடியை ஊர் முழுக்க நட வைத்தது முதல் தப்பு. சாகாது என்பதை விளையும் என்று நான் படித்துக்கொண்டது இரண்டாவது தப்பு. மாமனார் கடைசிவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அயல் செடியென்றாலே கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘திருநெல்வேலி சென்னா’ என்று உலகச் சந்தையில் பேர் வாங்கிய நிலவாகை அரபு நாட்டுப் பக்கத்துச் செடிதான். இன்று நம் மானாவாரியின் சொந்தப் பிள்ளை. அது நிலைத்ததற்குக் காரணம், அதில் நமக்கு வேண்டியது இலை. இலையைக் கொடுக்க அதற்குக் குளிர் தேவையில்லை, ஆலையும் தேவையில்லை, நிழலில் உலர்த்தித் தூத்துக்குடிக்கு மூட்டை கட்டினால் போதும். கரிசலில் கருங்கண்ணிப் பருத்தி நிலைத்ததற்குப் பின்னால் 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையின் தலைமுறை உழைப்பு இருக்கிறது. செடி வந்து, மண்ணில் பொறுக்கப்பட்டு, பிறகு பயிரானது. நம்மிடம் இப்போது விற்க வருகிறவர்கள் நடுவில் உள்ள அந்தப் ‘பொறுக்கப்பட்டு’ என்பதைத் தாண்டிக் குதிக்கிறார்கள். எதிர் உதாரணமும் நம் கண் முன்னாலேயே உண்டு: விறகுக்கென்று தூவிய சீமைக் கருவேலத்தைப் பிடுங்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போடும்வரை போனது.

ரப்பர் கொடி ஒன்று நம் ஊரிலேயே கிடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குளத்தங்கரையிலும் பழைய வேலியிலும் ஊதா கலந்த ரோஸ் நிறத்தில் புனல் மாதிரிப் பூத்து, கொம்பு மாதிரி இரட்டைக் காய் காய்க்குமே, அதுதான். மடகாஸ்கர் செடி. இதற்கு அமெரிக்கத் தாவரப் பட்டியலில் இன்றும் ‘பாலை ரப்பர் கொடி’ என்றுதான் பெயர்; அந்தப் பாலை நம்முடைய சொல்லேதான் என்பது என் ஊகம். இதன் ரப்பர் தரமானது. வெப்பமும் இதற்கு ஒத்துக்கொள்ளும். பிறகென்ன? 1940-களில் ஹெய்டி நாட்டில் அமெரிக்கப் பணத்தில் இதைப் பெரிய அளவில் நட்டார்கள். ஏழைகளின் வீட்டையும் பழ மரங்களையும் அழித்து இடம் எடுத்தார்கள். கொடி நுனியை நறுக்கி, வடிகிற சொட்டை ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். ஆள் கூலிக்குக் கட்டவில்லை. 1944-இல் திட்டத்தைக் கைவிட்டார்கள், கிடைத்த ரப்பர் மிகச் சொற்பம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே கொடி ஆற்றங்கரைக் காடுகளை மூடி, மாடுகளுக்கு விஷமாகி, கடைசியில் இதை ஒடுக்க மடகாஸ்கரிலிருந்தே ஒரு துருப் பூஞ்சாணத்தைக் கொண்டு வந்து விட வேண்டியதாயிற்று. இதன் இரண்டு இனங்களைக் கலந்தால் வீரியமான பிள்ளை பிறக்கிறது என்று அந்தக் காலத்திலேயே பார்த்துவிட்டார்கள். எனக்குக் கேட்டால், வீரியத்தைக் கூட்ட வேண்டிய கடைசிச் செடி இதுதான். ஆட்டுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் நம் மண்ணுக்கு வழியே இல்லையா என்றால், வழி ரகத்தில் இருக்கிறது. குளிர் இல்லாமலே ரப்பர் சேர்க்கிற குவாயூலே தேவை. மெக்சிகோவில் அந்தச் செடி பரவியுள்ள நிலப்பரப்பு பெரிது. மேடும் பள்ளமுமாக இடத்துக்கு இடம் குளிர் மாறும். குளிர் குறைந்த ஓரங்களிலிருந்து விதை சேகரித்து, நம்மைப் போன்ற வெயிலில் நட்டு, வருஷா வருஷம் பட்டையைச் சோதித்துப் பொறுக்க வேண்டும். மரத்தைப் போல இருபத்தைந்து வருஷம் ஆகாது. ஒரு தலைமுறைக்கு இரண்டு வருஷம் போதும். ஒளி பாய்ச்சி ரப்பர் சதவீதத்தை உடனே அளக்கும் கருவிகளும் வந்துவிட்டதால், முன்போல ஒவ்வொரு செடியையும் அரைத்துப் பார்க்க வேண்டியதில்லை. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி மாதிரி இடத்தில், அரசாங்கச் செலவில், நாலு பேர் விடாமல் செய்ய வேண்டிய வேலை இது. பத்து ஏக்கர்க்காரர் கடன் வாங்கிச் செய்ய வேண்டிய வேலை இல்லை. அவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பார்த்தீனியத்தைத் தின்னவென்று மெக்சிகோவிலிருந்து 1980-களில் கொண்டுவந்து விட்ட வண்டு நம் நாட்டில் பரவியிருக்கிறது. பங்காளி இலையை அது விட்டுவைக்கிறதா என்று கூண்டுக்குள் பார்த்துவிட்டுத்தான் வயலுக்குக் கொண்டுவர வேண்டும்.

அந்தக் கம்பெனிக்காரர்கள் மறுபடி வந்தால் இந்த நாலைக் கேளுங்கள். விதை எந்த நாட்டிலிருந்து வந்தது, தாவரத் தடுப்புக்காப்பு அனுமதித் தாள் எங்கே? அயல் நாட்டு விதையை அது இல்லாமல் இறக்கவே கூடாது. ரகத்தின் பெயர் என்ன, அதைத் தமிழ்நாட்டில் எந்த வயலில் இரண்டு வருஷம் வளர்த்து ரப்பர் சதவீதம் அளந்தீர்கள்? அரைக்கும் ஆலை எந்த ஊரில் ஓடுகிறது, நான் போய்ப் பார்க்கலாமா? வாங்கும் விலை செடியின் எடைக்கா, ரப்பருக்கா. ரப்பருக்கு என்றால் அளப்பது யார்? மூன்றாவது கேள்வியிலேயே பேச்சு வேறு பக்கம் திரும்பும் என்று நினைக்கிறேன்.

ஆசை விடவில்லை என்றால், முன்பணமில்லாமல் நூறு நாற்று மட்டும் தரச் சொல்லுங்கள், அனுமதித் தாளோடு. ஒரு சென்ட் போதும். பாதிக்குத் தண்ணீர், பாதிக்கு மழை. இரண்டு தை கழித்து, வெட்டிய அன்றைக்கே தண்டை ஈரத்துணியில் சுற்றிப் பரிசோதனைக்கு அனுப்புவோம், பஸ் பார்சல் செலவு என்னுடையது. மீதி நிலத்தில் ஐப்பசி மழைக்கு முன்னால் நிலவாகை தூவிவிடுங்கள். விதை வேண்டுமென்றால் வள்ளியூர் சந்தையன்று சொல்லுங்கள், எனக்குத் தெரிந்தவரிடம் நல்லதாக வாங்கித் தருகிறேன்.